450 பவுண்டு ரேட், வாரம் மூன்று நாள் லண்டன்: எடுக்கலாமா?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 46 வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆன்சைட்டில் வந்து இங்கேயே தங்கி, பிரிட்டிஷ் குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. பத்து வருடமாகச் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து டெஸ்ட் மேனேஜராகக் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். கடைசியாகச் செய்தது நாளுக்கு 525 பவுண்டு, அவுட்சைட் ஐ.ஆர்.35 (கான்ட்ராக்டரை ஊழியரைப் போலவே கருதி வரி போடும் விதிக்கு வெளியே), முழுக்க வீட்டிலிருந்தே. அது முடிந்து ஏழு மாதமாகிறது. விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன், பாதிக்கு மேல் பதிலே வருவதில்லை. இப்போது ஒரு வங்கியில் ஆறு மாத கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. 450 பவுண்டு, இன்சைட் (அந்த விதிக்குள்), அம்ப்ரெல்லா (கான்ட்ராக்டரை ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் இடைக் கம்பெனி) வழியாகத்தான். வாரம் மூன்று நாள் கேனரி வார்ஃப் ஆபீஸுக்கு வர வேண்டுமாம். வீடு நார்தாம்ப்டனில். வாசலில் இருந்து ஆபீஸ் நாற்காலி வரை இரண்டு மணி நேரம். பார்க்கிங், ரயில், டியூப் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 80 பவுண்டு. மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, மகளுக்கு இந்த வருடம் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வு. 'ரேட்டைக் குறைத்து ஒரு தடவை வாங்கினால் அப்புறம் ஏறவே ஏறாது, விட்டுவிடு' என்று நண்பர்கள் வாட்ஸப் குழுவில் சொல்கிறார்கள். ஒரு அம்ப்ரெல்லாக்காரர் கைக்கு 85 சதவீதம் வரும் என்கிறார். பேசாமல் பெர்மனன்ட் வேலைக்குப் போய்விடலாமா, இல்லை சென்னைக்கே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. கம்பெனிக் கணக்கில் 22,000 பவுண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில்:

வெள்ளிக்கிழமைக் கெடு இருப்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 450 பவுண்டு வேலை கிடைத்தது என்று நினைத்து எடுக்காதீர்கள். வீட்டிலிருந்தே செய்கிற 355 பவுண்டு வேலை கிடைத்தது என்று நினைத்து எடுங்கள். அப்புறம், ஆபீஸ் நாட்கள் எத்தனை என்பது கான்ட்ராக்டில் எழுத்தாக வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நான் கணக்குப் பார்க்கிறவள், அதனால் அந்த 355 எங்கிருந்து வந்தது என்பதில் ஆரம்பிக்கிறேன்.

450 பவுண்டு உங்கள் சம்பளம் இல்லை. வேலை பிடித்துத் தரும் ஏஜென்ஸி அம்ப்ரெல்லா கம்பெனிக்குக் கொடுக்கும் தொகை அது. அவுட்சைட்டில் பழகியவர்களுக்கு முதல் பேஸ்லிப் தூக்கிவாரிப்போடுவது இதனால்தான். அம்ப்ரெல்லா உங்களை ஊழியராக வைத்துக்கொள்கிறது. ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் பங்கு இருக்கிறதே, அதைத் தன் பையிலிருந்து கட்டுவதில்லை. உங்கள் 450இலிருந்து எடுத்துக் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் அந்த விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏறியது. அது தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. ரேட் ஒரு பென்னி குறையாமலே இன்சைட் கான்ட்ராக்டர்களின் கைப்பணம் குறைந்தது அப்படித்தான். அது போக அரை சதவீதம் அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்ற தொழிற்பயிற்சி வரி, வாரம் 20, 25 பவுண்டு அம்ப்ரெல்லாவின் கட்டணம். விடுமுறைப் பணம் என்று பேஸ்லிப்பில் ஒரு வரி இருக்கும். அதுவும் யாரோ கூடுதலாகத் தருவதில்லை, உங்கள் ரேட்டிலிருந்தே பிரித்து உங்களுக்கே தருகிறார்கள்.

வருடத்துக்கு 220 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்ட் ஆறு மாதம்தான் என்றாலும், வரியை வருடக் கணக்கில் பார்த்தால்தான் சரியாகப் புரியும். 450 வீதம் 99,000 பவுண்டு. முதலாளி பங்கு, லெவி, கட்டணம் எல்லாம் கழிந்து பேஸ்லிப்பில் மொத்தச் சம்பளமாக நிற்பது சுமார் 85,400. அதில் வருமான வரியும் உங்கள் பங்கு நேஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்து சுமார் 25,300 போகும். கைக்கு 60,000 சொச்சம், அதாவது நாளுக்கு 273 பவுண்டு. இது 2025-26 விகிதப்படி போட்ட கணக்கு, பென்ஷனைச் சேர்க்கவில்லை.

இனி ரயிலுக்கு வருவோம். சொந்தக் கம்பெனியில் அவுட்சைட்டாக இருந்தபோது எப்போதாவது கிளையன்ட் ஆபீஸுக்குப் போனால் டிக்கெட்டைக் கம்பெனிச் செலவில் எழுதியிருப்பீர்கள். அம்ப்ரெல்லாவில் அது நடக்காது. கிளையன்டின் மேற்பார்வையில் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து வேலையிடம் போய்வரும் செலவுக்கான வரிச் சலுகை 2016 ஏப்ரலோடு போய்விட்டது. ஆக அந்த 80 பவுண்டு, வரியெல்லாம் கட்டி முடித்த பிறகு கையில் மிஞ்சும் பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கணக்கில் விடுவது இந்த இடத்தில்தான். 450இல் 80 போனால் 370, பரவாயில்லையே என்று நினைக்கிறார்கள். உங்கள் வருமான அடுக்கில் கையில் 80 பவுண்டு நிற்க வேண்டுமானால், 40 சதவீத வரியும் 2 சதவீத இன்சூரன்ஸும் போவதால், சம்பளமாக 138 பவுண்டு வர வேண்டும். அந்த 138ஐச் சம்பளமாகக் கொடுக்க முதலாளி பங்கையும் சேர்த்து ஏஜென்ஸியிடமிருந்து 159 பவுண்டு வர வேண்டும். நீங்கள் ரயிலேறும் ஒவ்வொரு நாளும் உங்கள் ரேட்டில் 159 பவுண்டைத் தின்றுவிடுகிறது. வாரம் மூன்று நாளுக்கு 477. ஐந்து வேலை நாளுக்கும் பிரித்துப் போட்டால் நாளுக்கு 95. 450இல் 95 போக மீதி 355. வீட்டிலேயே இருந்து 355 பவுண்டு இன்சைட் வேலை செய்கிறவரும், வாரம் மூன்று நாள் கேனரி வார்ஃப் போய் 450 வாங்குகிற நீங்களும் மாதக் கடைசியில் ஏறக்குறைய ஒரே தொகையோடுதான் நிற்பீர்கள். அவருக்கு வாரம் 12 மணி நேரம் மிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பேரம் எதில் பேச வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஏஜென்டிடம் 'ரேட்டை 475 ஆக்க முடியுமா' என்று கேட்டால், பட்ஜெட் இல்லை என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். மூன்று நாளை இரண்டாக்கினாலோ, ரேட்டில் 30 பவுண்டு ஏறியதற்குச் சமம். வங்கிக்கு அதில் ஒரு பென்னி செலவில்லை. எனவே காசைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள். கேட்க வேண்டிய ஆள் ஏஜென்ட் இல்லை, உங்களை நேர்காணல் செய்த மேனேஜர். டெஸ்ட் மேனேஜர் வேலையில் பாதி, சென்னையிலும் புனேயிலும் இருக்கும் டீமோடு காலை எட்டு மணிக்கு டீம்ஸில் பேசுவதுதான். அந்த அழைப்புக்காக யாரும் கேனரி வார்ஃப் வரை போக வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியும். 'முதல் மாதம் மூன்று நாள் வருகிறேன், எல்லோரையும் பழகிக்கொள்கிறேன், அதற்குப் பிறகு இரண்டு நாள்' என்று கேட்டுப் பாருங்கள். ஊழியர்களுக்குக் குறைந்தது மூன்று நாள் என்று விதி வைத்து, நுழைவு அட்டைப் பதிவை எண்ணுகிற இடங்களில் அவர் கையும் கட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் பத்து மணிக்கு மேல் வந்து சேரும்படி நேரத்தையாவது தளர்த்தச் சொல்லுங்கள். காலை நெரிசல் நேரம் தாண்டிக் கிளம்பினால் டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

பேசியது என்னவானாலும் எழுத்தில் வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏஜென்ட் வாயால் 'ஹைப்ரிட், ஃப்ளெக்ஸிபிள்தான்' என்பார். கான்ட்ராக்டைப் பிரித்தால், வேலையிடம் 'கிளையன்டின் அலுவலகம் அல்லது கிளையன்ட் கேட்கும் வேறு இடம்' என்று ஒரே வரிதான் இருக்கும். நாளைக்கு வங்கியின் மேலிடம் நான்கு நாள், ஐந்து நாள் என்று உத்தரவு போட்டால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. அமேசான் 2025 ஜனவரியிலும் ஜேபி மார்கன் அதே ஆண்டு மார்ச்சிலும் ஊழியர்களை ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அரசு வேலை கொஞ்சம் இளக்கமாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கும் 2023 நவம்பரிலேயே 60 சதவீத நேரம் ஆபீஸ் என்று வந்துவிட்டது. 60 சதவீதம் என்றால் அதே மூன்று நாள்தான். கான்ட்ராக்டின் ஷெட்யூல் பகுதியில் மூன்று வரி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள், அதுவும் மாதச் சராசரியாக. நாட்கள் கூடினால் ரேட்டை மறுபடி பேச உரிமை. இரண்டு பக்கமும் ஒரே அளவு நோட்டீஸ். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதில்லை. ஆறு மாத கான்ட்ராக்ட் என்கிறார்கள்; கிளையன்டின் நோட்டீஸ் ஒரு வாரம் என்று போட்டிருந்தால் அது ஒரு வார கான்ட்ராக்ட்தான்.

2024 ஏப்ரல் முதல் வேலையில் சேரும் முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலை நேரம் கேட்கும் உரிமை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உரிமை உண்மைதான், ஆனால் அது ஊழியர் தன் முதலாளியிடம் கேட்பது. உங்கள் முதலாளி அம்ப்ரெல்லா கம்பெனி. கேனரி வார்ஃபில் நீங்கள் எத்தனை நாள் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது வங்கி. அவரிடம் உரிமை கேட்டு இவரிடம் ஒன்றும் ஆகாது.

மூன்று நாளுக்குக் குறைக்கவே முடியவில்லை என்றால் இன்னொரு வழி பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று அடுத்தடுத்த நாளாக வாங்கிக்கொண்டு, செவ்வாய் காலை போய் வியாழன் இரவு திரும்பலாம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பக்கம் நம் ஆட்கள் வாரத்தில் இரண்டு இரவுக்கு அறை விடுவது சகஜம். இரவுக்கு 35 பவுண்டு என்றால் இரண்டு இரவுக்கு 70, ஒரு தடவை போய்வர 80, மொத்தம் 150. இப்போது போட்ட 240ஐவிட வாரம் 90 குறைவு. ஈஸ்ட் ஹாமில் ஏறி வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைனுக்கு மாறினால் சீக்கிரமே கேனரி வார்ஃப். இரவில் தோசைக்கும் குறைவில்லை. ஆனால் அந்த இரண்டு இரவும் வீட்டில் மொத்தச் சுமையும் ஷிஃப்டுக்குப் போகிற உங்கள் மனைவி மேல் விழும், அதுவும் மகளின் தேர்வு வருடத்தில். இதை நீங்கள் மட்டும் முடிவு செய்ய முடியாது. அவருடைய ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

லண்டனில் தங்காமல் அன்றன்று போய்வருவது என்று ஆனால், டிக்கெட்டைக் கவனமாகப் பாருங்கள். ஃப்ளெக்ஸி சீசன் என்பது 28 நாளுக்குள் பயன்படுத்த எட்டு நாள் பாஸ். வாரம் இரண்டு நாளுக்கு அளவெடுத்தது போல இருக்கும். மூன்று நாளுக்கு வாரச் சீசனோடும் மாதச் சீசனோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ரயில் தாமதமானால் ஒவ்வொரு தடவையும் டிலே ரீபே என்ற தாமத இழப்பீட்டைக் கேளுங்கள். நம் ஆட்கள் 'இதுக்கெல்லாம் யார் ஃபார்ம் போடுவது' என்று விட்டுவிடுகிறார்கள். யூஸ்டனில் இறங்கி நார்தர்ன் லைனில் நசுங்குவதைவிட யூஸ்டன் ஸ்கொயர் வரை நடந்து, ஃபாரிங்டனில் எலிசபெத் லைன் பிடித்துப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன், மூச்சு விட இடம் கிடைக்கும்.

இப்போது அந்த 85 சதவீதம். மேலே போட்ட கணக்கில் 99,000க்கு 60,000 கைக்கு வந்தது. அதாவது 61 சதவீதம். சட்டப்படி நடக்கும் எந்த அம்ப்ரெல்லாவில் போனாலும், பென்ஷன் ஏற்பாட்டையும் கட்டணத்தில் சில பவுண்டு வித்தியாசத்தையும் தவிர, அதே எண்தான் வரும். ஏனென்றால் எல்லோருக்கும் வரி ஒன்று. ஒருவர் 85 தருகிறேன் என்றால், மிச்ச 24 சதவீதம் வரியைக் கட்டாமல் விடுகிறார் என்று அர்த்தம். பொதுவாக, குறைந்தபட்சச் சம்பளத்தைப் பேஸ்லிப்பில் காட்டி, மீதியைக் கடன், அட்வான்ஸ், கிராண்ட் என்று ஏதாவது பெயரில் தனியாகக் கணக்கில் போடுவார்கள். மாட்டினால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. வந்து கதவைத் தட்டுவது அவர் வீட்டில் இல்லை, உங்கள் வீட்டில். 2019இல் இப்படிக் கடன் பெயரில் வாங்கிய பணத்துக்கு லோன் சார்ஜ் என்ற வரி வந்தபோது, பல வருடம் முன்னால் வாங்கிய பணத்துக்கெல்லாம் சேர்த்து வரி கேட்டார்கள்; வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. 2026 ஏப்ரல் முதல் அம்ப்ரெல்லா கட்டாமல் விட்ட வரிக்கு ஏஜென்ஸியையும் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். அதனால் நல்ல ஏஜென்ஸிகள் தாங்கள் சரிபார்த்த அம்ப்ரெல்லாக்களின் பட்டியலைத்தான் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். 85 சதவீதக்காரருக்குப் பதில் போட வேண்டாம், நம்பரை பிளாக் செய்யுங்கள்.

வாட்ஸப் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம். முந்தைய ரேட் என்ன என்று ஏஜென்ட் கேட்பார், குறைவாகச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார், அதெல்லாம் உண்மை. ஆனால் 525 அவுட்சைட்டையும் 450 இன்சைட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தவறு. அடுத்த தடவை கேட்டால் 'இது இன்சைட் ரேட், இதற்கு முந்தையது அவுட்சைட் 525' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரேட்டைவிட ஏஜென்டின் கண் முதலில் போவது சி.வி.யில் இருக்கும் இடைவெளிக்குத்தான். ஏழு மாதம் பத்து மாதமானால் உங்கள் பேரம் பேசும் பலம் 75 பவுண்டு குறைந்த ரேட்டால் குறைவதைவிட அதிகமாகக் குறையும். வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் இப்போது வேலையில் இருக்கிறார்கள் என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம் சும்மா இருந்தது உங்கள் தகுதிக் குறைவு என்று கடிதத்தில் எங்கும் நீங்கள் எழுதவில்லை. வரிகளுக்கு நடுவே அது தெரிகிறது. ஆனால் காரணம் நீங்கள் இல்லை, சந்தை. 2021 டிசம்பரில் 0.1 சதவீதமாக இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 2023 ஆகஸ்டில் 5.25க்குப் போனது. வட்டி ஏறினால் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது புது புராஜெக்டுகளை, புது புராஜெக்டுக்கு முதலில் வேலைக்கு எடுப்பது கான்ட்ராக்டர்களை. அதோடு, கான்ட்ராக்டர் இன்சைடா அவுட்சைடா என்று முடிவு செய்யும் பொறுப்பு 2021 ஏப்ரலில் நடுத்தர, பெரிய கிளையன்டுகள் தலையில் வந்து விழுந்தது. பல வங்கிகள் எதற்கு வம்பு என்று லிமிடெட் கம்பெனிகளையே எடுப்பதில்லை என முடிவு செய்துவிட்டன. இதன் நடுவே டெஸ்டிங் வேலை வேறு, கையால் செய்த பகுதி ஆட்டோமேஷனுக்கும், மீதி சென்னை, பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அதைச் செய்கிறார்கள், யாரைக் கோபிப்பது. சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் 2021 விதி பொருந்தாது. அங்கே முடிவு இன்னும் உங்கள் கம்பெனியுடையது. அவுட்சைட் வேலை தேடினால் அந்தப் பக்கம் தேடுங்கள்.

அப்படி ஒரு அவுட்சைட் வேலை, ஹைப்ரிடாக, எப்போதாவது கிடைத்தால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒரே இடத்துக்கு 24 மாதத்துக்கு மேல் போவீர்கள் என்று தெரிந்ததுமே பயணச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதும் சலுகை நின்றுவிடும். உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ அங்கே செலவானால்தான் இந்த விதி. வாரம் இரண்டு நாள் என்றால் சரியாக 40. ஒரு நாள் என்றால் மாட்டாது. ஹைப்ரிடில் இரண்டுக்கும் ஒன்றுக்கும் இவ்வளவு தூரம் இருப்பது பலருக்கும் தெரியாது.

பெர்மனன்ட் வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்விகளிலேயே நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்ளச் சொல்வது இதைத்தான். பயணச் செலவு போக உங்கள் கையில் நிற்பது வருடத்துக்கு சுமார் 49,500 பவுண்டு. நார்தாம்ப்டனிலோ மில்டன் கீன்ஸிலோ, பெரிய பயணச் செலவு இல்லாமல், 67,000 பவுண்டு சம்பளத்தில் ஒரு பெர்மனன்ட் வேலை இருந்தால் கைக்கு அதே தொகை வரும். அதுவும் நீங்கள் வருடம் முழுக்க ஒரு நாள் இடைவெளி இல்லாமல் கான்ட்ராக்ட் செய்தால். வருடத்தில் இரண்டு மாதம் வேலையில்லாமல் பெஞ்சில் இருப்பீர்கள் என்று வைத்தால், சமமாகும் சம்பளம் 56,000 பவுண்டுக்கு இறங்கிவிடுகிறது. பெர்மனன்டில் இதற்கு மேல் சம்பளத்தோடு விடுமுறை, நோய் விடுப்பு, முதலாளியின் பென்ஷன் பங்கு எல்லாம் உண்டு. பத்து வருடம் 'நாளுக்கு இவ்வளவு' என்றே யோசித்துப் பழகியதால் 60,000 சம்பளம் என்றால் இறக்கமாகத் தெரியும். இந்தச் சந்தையில் அது இறக்கம் இல்லை.

பெர்மனன்ட் நேர்காணலில் 'இவர் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்' என்ற சந்தேகம்தான் உங்களுக்கு எதிரி. சி.வி.யில் பத்துக் கான்ட்ராக்டைப் பத்து வேலையாகப் போடாமல் உங்கள் கம்பெனியின் கீழ் ஒரே தலைப்பில் போடுங்கள், நீட்டிப்புக் கிடைத்தவற்றைச் சொல்லுங்கள். மகள் பள்ளி முடிக்கும் வரை இடம் மாற மாட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே ஊரில் நிலைத்திருப்பவர் என்பது அவர்களுக்கு வேண்டிய செய்திதான். வங்கி வேலையைச் செய்துகொண்டே தேடலாம். கான்ட்ராக்ட் நடுவில் விடக் கூச்சப்பட வேண்டாம், நோட்டீஸ் இருப்பதே அதற்குத்தான்.

சென்னை? இப்போது வேண்டாம். ஜி.சி.எஸ்.இ. இரண்டு வருடப் படிப்பு, அதை நடுவில் பிடுங்கி நட முடியாது. குடியுரிமை இருப்பதால் இரண்டு வருடம் வெளியே இருந்தால் ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) போய்விடும் என்ற கவலை உங்களுக்கு இல்லை, எப்போது வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஹைப்ரிட் தொல்லைக்குப் பயந்துதான் கிளம்புகிறீர்கள் என்றால், ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் சிக்னலில் காலை ஒன்பது மணிக்கு நிற்கும் உங்கள் பழைய நண்பர் யாரையாவது ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கம்பெனியில் இருக்கும் 22,000ஐத் தொடாதீர்கள். சம்பளமே மேல் வரி அடுக்கில் இருக்கும்போது டிவிடென்ட் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போகும். அடுத்த பெஞ்சு நீண்டு, வேறு வருமானம் குறைவாக இருக்கும் வரி ஆண்டில் எடுத்தால் பெரும்பகுதி கீழ் விகிதத்தில் அடங்கும். இதற்காகக் கம்பெனியை மூடவும் வேண்டாம். டார்மன்ட்டாக, அதாவது வரவு செலவு இல்லாமல் பெயரளவில், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டுக் கணக்கும், கம்பெனி விவரங்களை உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்டும், கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேலை இல்லை என்று விட்டுவிட்டால் அபராதம்.

கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வி பாக்கி. டிசம்பர் கடைசியில் வங்கி கான்ட்ராக்டர்களைச் சம்பளமில்லாமல் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்புமா என்று கேளுங்கள், பல வங்கிகளில் அந்த வழக்கம் உண்டு. மகளின் தேர்வு மே, ஜூனில் வரும். அந்த வாரங்கள் கான்ட்ராக்டுக்குள் விழுந்தால் எந்தெந்த நாள் ஆபீஸுக்கு வர மாட்டீர்கள் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சலுகை, சேருமுன் சொன்னால் ஒப்பந்தம்.

அப்புறம், 2020 ஏப்ரல் முதல் ஏஜென்ஸி உங்களுக்குக் கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட் என்று ஒரு தாள் தர வேண்டும். 450இலிருந்து என்னென்ன கழிகிறது, கைக்கு எவ்வளவு என்று மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். இன்றே கேட்டு வாங்குங்கள். பெயர், முகவரியை அடித்துவிட்டு எனக்கு அனுப்பினால் வியாழன் மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன். நாளுக்கு 273க்கு மேல் வெகுவாகக் காட்டியிருந்தால், அந்தத் தாளில் எந்த இடத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் நீங்களே தேடிப் பாருங்கள்.